திருப்பிச் சொன்ன குரல்

அத்தியாயம் ஐந்து

ஸ்வீட் டப்பாவுக்குள் ஒரு தங்கத் தோடு இருந்தது. தோடு மட்டும் வந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். கிழிந்த காது மடலின் ஒரு துணுக்கும் அதோடு சேர்ந்தே வந்திருந்தது.

அப்துல் கஃபார் பாய் அதைப் பார்த்து அலறினார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்து நிமிர்ந்த மனிதர், அப்படியே தன் வீட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"பெருநாளைக்கு நான் வாங்கிப் போட்டதும்மா இது... என் புள்ள காதுல நான் போட்டது..."

நான் எட்மண்ட். கன்டோன்மென்ட்டில் பிறந்து, பார்த்த வேலையிலெல்லாம் துரத்தப்பட்டு, கடைசியில் வேதா மேடத்திடம் வந்து ஒட்டிக்கொண்டவன். மேடம் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு விலகி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். மூளை அவருடையது, வாய் என்னுடையது. அடி மட்டும் இருவருக்கும் பொது.

"மேடம், எவன் கைல மாட்னாலும் சரி, அவன் காது ரெண்டும் என்னுது. இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல ஆளைப் பிடிப்போம் எட்மண்ட். காதை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்."

பாயின் ஒரே மகள் ஃபாயிசா. விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி. வங்காள விரிகுடாவைச் சுற்றியிருக்கும் நாடுகளின் விமானக் கட்டுப்பாட்டு ஆட்கள் எல்லோரும் ஒரு ஒப்பந்தத்துக்காகச் சென்னையில் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தவள் இவள்தான். காலையில் ஸ்கூட்டியில் கிளம்பினாள். ஸ்கூட்டி பம்மல் ரோட்டுச் சாக்கடையில் கிடந்தது. ஹேண்டில்பாரில் ரத்தம். ஆளைக் காணவில்லை. அதற்கு முந்தின ராத்திரி, கூட்டத்துக்கு வந்த மலேசியாக்காரர் ஒருவரின் மண்டையையும் கெஸ்ட் ஹவுஸில் புகுந்து இரும்புக் கம்பியால் பிளந்திருந்தார்கள்.

பாயின் செல்போன் அடித்தது. மேடம் ஸ்பீக்கரைப் போட்டார். நான் என் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன்.

"இன்னாய்யா பெர்சு, பார்சல் வந்துச்சா?" துணியை வைத்து மூடிய குரல். "சிடி எங்க? வூட்ல கீதுன்னு உன் பொண்ணு சொல்ட்டா. தந்தீன்னா பொண்ணு. இல்லாங்காட்டி அடுத்த டப்பா பெர்சா வரும்."

"எந்த சிடி? எனக்கு ஒண்ணுமே..." என்று ஆரம்பித்த பாயின் வாயை மேடம் பொத்தினார்.

"சிடி இருக்கு. தந்துடறோம். நான் வீட்டுக்காரங்க பேசறேன். நல்லாக் கேட்டுக்கோங்க. பல்லாவரம் சந்தை. மத்தியானம் தொழுகை முடிஞ்சதும். புறா விக்கிற வரிசை. கறுப்புத் தோல் பையில சிடி இருக்கும். பெரியவர் தனியா வருவார்."

எதிர்முனை ஒரு மூச்சு விட்டது.

"பல்லாவரம் சந்தை. தொழுகை முடிஞ்சதும். புறா வரிசை. பழுப்புத் தோல் பை. பெர்சு தனியா."

அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. மேடம் புருவத்தைச் சுருக்கினார்.

"சரி," என்றார் கடைசியில்.

உடனே லைன் துண்டிக்கப்பட்டது.

"இன்னா மேடம், செவிடனா அவன்? நீங்க கறுப்புன்னீங்க, அவன் பழுப்புன்றான். நீங்களும் தலைய ஆட்றீங்க."

"வேணும்னேதான் திருத்தல. பாய், ஃபாயிசா காலையில பை எடுத்துக்கிட்டுப் போனாளா?"

"போனாம்மா. பழுப்புத் தோல் பை. நானே என் கையால தச்சுக் கொடுத்தது. அது இல்லாம வாசப்படி இறங்க மாட்டா."

"அது இப்ப அவன் கண் முன்னாடி கிடக்கு. காது கறுப்புன்னு கேட்டுச்சு, கண்ணு பழுப்பைப் பார்த்துச்சு. வாய் கண்ணு சொன்னதைச் சொல்லிடுச்சு," என்றார் மேடம். "அதை விடு. ரவுடி எவனாவது சொன்னதை வரிசையா ஒப்பிச்சுட்டு, 'சரி'ன்னு சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பானா?"

"நம்ம பேட்டை ரவுடிங்களா? 'வச்சிட்றா'ன்னு அவனே வச்சிட்டுப் போய்கினே இருப்பான்."

"வண்டியை எடு."

*

குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அந்த மலேசியாக்காரர் முதாசிர் தலை முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். தமிழர்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்; அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டே வரும். எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"அடி தாங்காம ஃபாயிசா பேரைச் சொல்லிட்டேன் லா. சிடி அவகிட்ட இருக்குன்னு நான்தான் சொன்னேன். மூணு வருஷமா போன்ல பேசறோம், நேத்துத்தான் அவ மூஞ்சியைப் பார்த்தேன். பார்த்த அன்னைக்கே காட்டிக் கொடுத்துட்டேன்."

"அழறதுக்கு நேரமில்ல. இதைக் கேளுங்க," என்று மேடம் என் போனை அவர் காதில் வைத்தார்.

முதாசிர் கேட்டார். முடிந்ததும் வலியோடு சிரித்தார்.

"இவன் ரவுடி இல்ல லா. எங்க தொழில்ல இருக்கறவன்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க வானத்துலேருந்து உங்க வானத்துக்கு ஒரு ப்ளேன் வருது. நான் போன் போட்டு உயரம், பாதை எல்லாம் சொல்லுவேன். இந்தப் பக்கம் கேக்கறவங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். நான் 'சரி'ன்னு சொன்னாத்தான் ப்ளேன் கைமாறும். அது வரைக்கும் போனை வைக்க மாட்டாங்க. தப்பாத் திருப்பிச் சொன்னா நான் உடனே திருத்தணும். பழகிப்போச்சு. என் பொண்டாட்டி மீன் வாங்கிட்டு வரச் சொன்னாக்கூடத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் கிளம்புவேன்."

"நல்ல வேளை, எங்க வூட்ல இந்தப் பழக்கம் இல்ல," என்றேன். "எங்கம்மா திட்றத திருப்பிச் சொன்னா பொழுது விடிஞ்சிரும்."

"சிடியில என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"போன வருஷம் கடலுக்கு மேல ரெண்டு ப்ளேன் மயிரிழையில தப்பிச்சது. எங்க ஆளு உயரத்தைச் சரியாத்தான் சொன்னார்ங்கறோம் நாங்க. தப்பாச் சொன்னார்ங்கறாங்க இந்தப் பக்கம். இங்கத்துப் பதிவு அழிஞ்சு போச்சாம். அந்த நேரம் ட்யூட்டியில இருந்த தினகரனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. ஆனா ஒரே பேச்சை ரெண்டு நாடும் பதிவு பண்றோம் இல்லையா? எங்ககிட்ட இருக்கே! இப்பப் போடப்போற ஒப்பந்தமே அதுதான். இனிமே தப்பு நடந்தா, ஒளிச்சு மறைக்கறது கிடையாது. எல்லா நாடும் சேர்ந்து உட்கார்ந்து கேக்கணும். நாளைக்கு முதல்ல கேக்கப்போறது இதைத்தான்."

"நீங்க கேட்டீங்களா?"

"கூட்டத்துலதான் கேக்கணும்னு உத்தரவு. நான் கேக்கல. ஃபாயிசா கேட்டிருப்பா. அவ அடங்க மாட்டா."

நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் இளநீர். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. ஃபாயிசாவின் மேலதிகாரி சுப்பராயலு.

"பொண்ணு கிடைச்சாளாம்மா?" இளநீரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "என் மக மாதிரி அவ. சொல்லவே நாக்கு கூசுது, ஆனா சொல்லித்தான் ஆகணும். நேத்து ராத்திரியிலேருந்து தினகரன் போனை எடுக்கல. காட்டாங்குளத்தூர்ல காலேஜ் பக்கத்துல வீடு. சஸ்பெண்ட் ஆனதுலேருந்து ஆளே ஒரு மாதிரி ஆயிட்டான்."

"தினகரன் அப்படிப்பட்ட ஆள் இல்ல லா," என்று முதாசிர் முனகினார்.

"போன்ல பேசறவங்க எல்லாம் நல்லவங்கதான் சார்," என்றார் சுப்பராயலு வருத்தமாக.

மேடம் எழுந்தார். "வீட்டைக் காட்டுங்க சார். எங்க வண்டியிலேயே போயிடலாம்."

*

என் ஆம்னி வேன் ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்தைத் தாண்டியது. சுப்பராயலு எனக்குப் பக்கத்தில். மேடம் அவருக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை வெயில் கண்ணாடியில் அறைந்தது. தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"சார், ஒரு உதவி," என்றார் மேடம். "அவன் மறுபடி கூப்பிட்டா என் லைன் ஃப்ரீயா இருக்கணும். உங்க போன்லேருந்து பல்லாவரம் இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிடுங்க. பல்லாவரம் சந்தையில, புறா விக்கிற வரிசையில, பெரியவர் ஒரு தோல் பையோட நிப்பார். வாங்க வர்றவனை மடக்கணும்."

நம்பரை வாங்கி அடித்தார் சுப்பராயலு. தெளிவாக, நிதானமாகப் பேசினார்.

"இன்ஸ்பெக்டர் சாருங்களா? வேதா மேடம் சொல்லச் சொன்னாங்க. பல்லாவரம் சந்தை. புறா வரிசை. பெரியவர் பழுப்புத் தோல் பையோட நிப்பார். வாங்க வர்றவனை மடக்கணும்."

பேசிவிட்டுப் போனை வைக்காமல் காத்திருந்தார். அந்தப் பக்கம் 'சரி' வந்த பிறகுதான் வைத்தார்.

கண்ணாடியில் மேடத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி சார். பழுப்புன்னு யார் சொன்னா?"

"நீங்கதானேம்மா..."

"நான் தோல் பைன்னேன். கலரே சொல்லல. காலையில போன்லயும் கறுப்புன்னுதான் சொன்னேன். பழுப்புன்னு திருப்பிச் சொன்னது ஒரே ஒருத்தன்."

மனிதர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து கத்தியை உருவி என் தொடையில் இறக்கினார். அம்மாடி! உயிர் போய்த் திரும்பி வந்தது. வேன் தாறுமாறாக ஓடித் தடுப்புச் சுவரில் உரசித் தீப்பொறி பறந்தது. மறுபடி கத்தி என் கழுத்துக்கு வருவதற்குள் மேடம் தன் கைப்பையின் வாரைப் பின்னாலிருந்து அவர் கழுத்தில் போட்டு, சீட்டோடு சேர்த்து இழுத்தார். நான் ஸ்டீல் ஃபிளாஸ்க்கை எடுத்து மூக்கில் ஒன்று வைத்தேன். மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விபூதி மேல் ரத்தம் வழிந்தது.

"பொண்ணு எங்க?" மேடம் வாரை இன்னும் முறுக்கினார்.

"யாரும் சாகலையே!" சுப்பராயலு மூச்சு திணறக் கத்தினார். "தினகரன் டீ குடிக்கப் போனான். அந்த ஒரு போனை நான் எடுத்தேன். மலேசியாக்காரன் உயரத்தைத் திருத்தினதைக் காதுல வாங்காம விட்டுட்டேன். ஒரே ஒரு போன்! ப்ளேன் இடிக்கவே இல்லையே! முப்பது வருஷ சர்வீஸ், ரிடையர் ஆகற நேரத்துல எல்லா நாட்டுக்காரனும் உட்கார்ந்து என் குரலைக் கேட்டுக் காறித் துப்பணுமா?"

"இப்ப சாகப்போறாங்களே சார். எங்க அவ?"

"திருமுடிவாக்கம்... என் மச்சான் ஷெட்டு, மூடிக் கிடக்கு... தொழுகை முடியற வரைக்கும் பாரு, நான் போன் பண்ணலைன்னா முடிச்சுடுன்னு சொல்லியிருக்கேன்."

"போன் பண்ணுங்க. வேண்டாம்னு சொல்லுங்க."

சுப்பராயலு ரத்தப் பல்லைக் காட்டிச் சிரித்தார். "அவ உசுரோட வந்தா நான் தூக்குல தொங்கணும். மாட்டேன்."

நான் வேனைத் திருப்பினேன். பின் சீட்டில் அவர் கையையும் காலையும் கயிற்றால் கட்டிப் போட்டு, பம்மல், அனகாபுத்தூர் என்று பறந்தேன். தொடையில் கட்டியிருந்த கர்ச்சீப் நனைந்து ரத்தம் செருப்புக்குள் இறங்கியது. பள்ளிவாசல் ஒன்றில் பிரசங்கம் முடிந்து, ஜனங்கள் தொழுகைக்கு வரிசையாக எழுந்து நிற்பது தெரிந்தது.

"சீக்கிரம்டா எட்மண்ட்," என்றார் மேடம். டா போட்டு அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

*

ஷெட்டின் தகரக் கதவை வேனாலேயே இடித்துத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பிணம். குப்புறக் கிடந்தது. பின்மண்டையே இல்லை. அதற்கு அப்பால் நாற்காலியில் ஃபாயிசா, கயிற்றால் கட்டப்பட்டு, ஒரு பக்கக் கழுத்தெல்லாம் உறைந்த ரத்தத்தோடு. அவள் காலடியில் அந்தப் பழுப்புப் பை, உள்ளேயிருந்ததெல்லாம் வெளியே கொட்டப்பட்டுக் கிடந்தது. ஒரு தடியன் இரும்புக் குழாயோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

மேடம் இறங்கிப் பாய்ந்தார். தடியன் குழாயைச் சுழற்றினான். மேடத்தின் கை எலும்பு முறிந்தது. சுவரில் மோதி விழுந்தார். நான் ஒரு கம்பியைப் பொறுக்கிக்கொண்டு நொண்டியபடி ஓடினேன். அந்தப் பாவி கீழே குவிந்திருந்த இரும்புத் தூளைக் கைநிறைய அள்ளி என் முகத்தில் வீசினான்.

உலகம் இருண்டது. கண்ணுக்குள் நெருப்பைக் கொட்டியது போல எரிந்தது. அடுத்த அடி என் தோளில். முட்டி போட்டுவிட்டேன். எட்மண்ட், உன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"அண்ணா!"

ஃபாயிசாவின் குரல். அழுகையோ நடுக்கமோ அதில் இல்லை. ராத்திரி பகலாகக் கண்ணுக்குத் தெரியாத விமானங்களை வழிநடத்திய குரல்.

"எழுந்து நில்லுங்க. இடது பக்கம் திரும்புங்க."

"எழுந்துட்டேன்! லெஃப்ட்டு திரும்பிட்டேன் தங்கச்சி!"

"குனிங்க!"

"குனிஞ்சிட்டேன்!"

குழாய் என் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு போனது.

"ரெண்டடி முன்னாடி. முட்டிக்குக் கீழ, வலமிருந்து இடம். அடிங்க!"

"முட்டிக்குக் கீழ, வலமிருந்து இடம்!"

"சரி!"

அந்த 'சரி'யோடு சேர்த்து என் பலம் எல்லாவற்றையும் இறக்கினேன். காய்ந்த விறகு முறிந்தது போல ஒரு சத்தம். தடியன் அலறி விழுந்தான். எங்கே விழுந்தான் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் அடித்துக்கொண்டே இருந்தேன். மேடம் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தும்வரை நிறுத்தவில்லை. நிறுத்த மனசும் வரவில்லை.

*

மேடம் வழியிலேயே போன் பண்ணி இடத்தைச் சொல்லியிருந்ததால், போலீஸ் ஜீப்பிலேயே கஃபார் பாயும் வந்துவிட்டார். மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மனிதர் வாய்விட்டு அழுதார். என் கண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மங்கலாகப் பார்வை வந்திருந்தது.

"அத்தா," என்றாள் ஃபாயிசா. "உங்க கத்தியைக் கொடுங்க."

தோல் அறுக்கும் கத்தி அவர் இடுப்பிலேயே இருந்தது. ஃபாயிசா அந்தப் பழுப்புப் பையை எடுத்து, அடித்தையலைப் பிரித்தாள். தோலுக்கும் துணிக்கும் நடுவில் பாய் அவளுக்காக வைத்துத் தைத்திருந்த ரகசிய அறை. அதிலிருந்து வெள்ளிக்காசு போலப் பளபளவென்று சிடி வழுக்கி வெளியே வந்தது.

வேனுக்குள் கட்டிப் போட்டிருந்த சுப்பராயலு அதைப் பார்த்தார். காலையிலிருந்து கண் முன்னால் வைத்துக்கொண்டிருந்த பை. உடைந்த மூக்கோடு வாயைப் பிளந்தார். மூடவே இல்லை.

"காதைக் கிழிக்கறப்பக்கூட வீட்ல இருக்குன்னு பொய்தான் சொல்லியிருக்கே," என்றார் மேடம், முறிந்த கையைத் துப்பட்டாவில் தொங்கவிட்டபடி. "ஏம்மா?"

"உண்மையைச் சொன்னா தினகரன் அண்ணன் தப்புப் பண்ணவராவே செத்திருப்பாரு மேடம். நேத்து ராத்திரி நான்தான் அவருக்கு போன் பண்ணேன். 'அண்ணா, இது உங்க குரல் இல்ல, நீங்க தப்பிச்சீங்க'ன்னு. சந்தோஷத்துல நேரா இந்தாளு வீட்டுக்கே நியாயம் கேக்கப் போயிட்டாரு. அவரைக் கொன்னு இங்க கொண்டு வந்து போட்டுட்டாங்க."

மேடத்தின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து முதாசிர். மேடம் பேசாமல் ஃபாயிசாவிடம் நீட்டினார். கிழியாத காதில் அதை வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்களுக்கும் கேட்டது.

"ஃபாயிசா? சொல்லு லா. சொல்லு."

அவள் நிமிர்ந்து நின்றாள். மூன்று வருஷமாகப் பேசிப் பழகிய குரலில் பேசினாள்.

"நான் உயிரோட இருக்கேன். சிடி வருது. தினகரன் வரல."

பழக்கம் அவர் வாயைத் திறந்தது.

"நீ உயிரோட இருக்க. சிடி வருது." அவர் எழுந்து உட்காரும் கட்டில் சத்தம் கேட்டது. "தினகரன்... வரல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ஃபாயிசா வாயைத் திறந்தாள். அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். உதடு துடித்தது, வரவில்லை. அவள் சொல்லாமல் அவர் வைக்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மேடம் அவள் கையிலிருந்து மெதுவாகப் போனை வாங்கினார்.

"சரி," என்றார்.